ஹெட்டைக் கழற்றாமல்

என் கணவருக்கு இந்த மலையில் ஒரு பெயர் இருந்தது. நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹெட்டைக் கழற்றாமல் வால்வு ஸ்பிரிங் மாற்றுகிறவர் யார் என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூட எங்கள் ஷெட்டைக் கைகாட்டுவார். அந்தப் பெயர் ஒரே மத்தியானத்தில் போனது. அவருக்குக் கை நழுவிவிட்டது, அதனால்தான் போனது என்று ஊர் சொல்கிறது. அவரும் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு மட்டும் வேறு கதை தெரியும்.

என்ஜின் பக்கமே போகாதவர்களுக்காக முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்கு மேல் மூடிபோல உட்கார்ந்திருப்பதுதான் ஹெட். அதில் வால்வுகள் தொங்கும். ஒவ்வொரு வால்வையும் ஒரு ஸ்பிரிங் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ வண்டி மேட்டில் திணறும், இருமும், கடைசியில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று மானத்தை வாங்கும். சேலத்துப் பட்டறைகளில் ஹெட்டை முழுசாகக் கழற்றி மேசைமேல் வைத்துத்தான் ஸ்பிரிங் மாற்றுவார்கள். பழைய வண்டியில் அப்படிக் கை வைத்தால் போல்ட் முறியும், கேஸ்கட் கிழியும், ஹெட் லேத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். வண்டி திரும்பி வர ஒரு வாரம் ஆகும்.

கழற்றாமல் செய்வதில் ஒரே ஒரு ஆபத்துதான். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு வால்வைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. நழுவினால் நேராக உள்ளே விழும். விழுந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

என் கணவர் அதற்குக் கயிறு போடுவார். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக நைலான் கயிற்றை முழம் முழமாக உள்ளே திணிப்பார். நுனி மட்டும் வெளியே தொங்கும். பிறகு என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினால் உள்ளே ஏறி இறங்குகிற பிஸ்டன் மேலே வந்து, கயிற்றுச் சுருளை வால்வோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். அதற்குமேல் வால்வு எங்கே போகும்? ஸ்பிரிங்கை லீவரால் அமுக்கி, அதைப் பூட்டியிருக்கும் இரண்டு சின்ன லாக்கை எடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை வைத்துப் பூட்டிவிடலாம்.

ஆனால் பிஸ்டன் வந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எங்கள் ஷெட்டோ ரோட்டைப் பார்த்துச் சரிவில் இருக்கிறது. இந்த மலையில் சமதளத்துக்கு எங்கே போவது? அதனால் வண்டியை டாப் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்போம். சக்கரம் நின்றால் என்ஜினும் நிற்கும். சக்கரம் உருண்டால், பிளக் இல்லாததால் உள்ளே காற்று அடைபடாத என்ஜின் தடுக்காமல் கூடவே சுற்றும், பிஸ்டன் இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி இங்கே யாரும் வண்டியை விடுவதில்லை. எல்லாம் அந்தக் கல்லின்மேல்தான்.

அந்தக் கல் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்தே அப்படித்தான். "கல்லு வை புள்ள" என்றால் வைப்பேன், "கல்லு எடு புள்ள" என்றால் எடுப்பேன். ஷெட்டில் எனக்கிருந்த உத்தியோகம் அவ்வளவுதான். மற்ற நேரத்தில் ஒண்டிக்கடை முக்கில் இருந்த தையல்காரருக்கு ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் வலது கையில் கட்டைவிரல் மட்டும் ஆடியது. குளிரு என்றார். சித்திரை வந்தும் ஆடியது. சேலத்தில் டாக்டர் நடக்கச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், ஒரு கோட்டை வரையச் சொன்னார். நடுக்குவாதம் என்றார். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும், ஆனால் போகாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வளைவு முடிகிற வரைக்கும் கையை வெளியே எடுக்கவில்லை. ஊர் வந்ததும், "யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பெரிய காரியமில்லை. வேலையை என்ன செய்வது? அந்த லாக் புளியங்கொட்டையில் பாதிகூட இருக்காது. வால்வுத் தண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். கொஞ்சம் கோணினால் தெறித்து எங்காவது போய்விடும். முதல் தடவை அவர் மூன்று லாக்கைத் தொலைத்தார். நான்காவதையும் தொலைத்துவிட்டு லீவரை வீசி எறிந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் ஷெட்டைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஷெட் திறக்காவிட்டால் இந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஏனுங்க, நீங்க சொல்லுங்க, நாஞ் செய்யறேன்" என்றேன்.

"இதென்ன ஜாக்கெட்டுக் கொக்கியா?"

"அதவிடச் சின்னதா என்ன?"

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். லாக்கின் உள்பக்கத்தில் துளி கிரீஸைத் தடவினால் அது தண்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதும், எண்ணெய் இறங்கும் ஓட்டைகளைப் பழைய வேட்டித் துணியால் அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதும், எல்லாம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எனக்கு வந்தது. கொக்கி வைத்த விரல் இதற்கும் வளைந்தது. அவர் இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்துக்கொள்வார். வெளிச்சம் ஆடும். ஆடுகிற வெளிச்சத்திலேயே பழகிக்கொண்டேன்.

வண்டிக்காரர்களைக் காலையில் விட்டுவிட்டு நான்கு மணிக்கு மேல் வரச் சொல்வோம். அவர்கள் வருவதற்குள் நான் கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் துணியில் கையைத் துடைத்தபடி ஷெட் வாசலில் நிற்பார். கையில் துணி இருந்தால் நடுக்கம் தெரியாது. அப்படியே இரண்டு வருடம் ஓட்டினோம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போது சொல்லவே வாய் கசக்கிறது.

அன்றைக்கு வந்தது எஸ்டேட் ஜீப். என் வயசிருக்கும் பெட்ரோல் வண்டி. காப்பிப் பழம் எடுக்கிற நாட்கள், ஆட்களை ஏற்றி இறக்க அந்த ஜீப் இல்லாமல் முடியாது. அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர்தான் கொண்டுவந்து விட்டார். வழக்கம்போல நான்கு மணிக்கு என்று சொல்லி அனுப்பினோம். சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் எட்டு ஸ்பிரிங்கும் வந்துவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தேன். பனி ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றது. விரல் விறைத்துப்போய் இரண்டு தடவை அடுப்பில் காட்டிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து வால்வு முடிந்திருந்தது. ஆறாவதில் லாக்கை எடுத்துவிட்டேன், பழைய ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டேன். வால்வுத் தண்டு கயிற்றின் பலத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. புது ஸ்பிரிங் என் கையில் இருந்தது. அப்போது பைக் சத்தம் கேட்டது. ரைட்டர். மேனேஜர் திடீரென்று மத்தியானமே வருகிறாராம், ஜீப் வேண்டுமாம், எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

என் கணவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. என் கையிலிருந்து லீவரைப் பிடுங்கினார். டார்ச்சை என் கையில் திணித்தார். என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு என்ஜினுக்குள் குனிந்து, அந்த வால்வுத் தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார், அதுவரைக்கும் தானே வேலை செய்துகொண்டிருந்த மாதிரி.

"இன்னும் முடியலீங்களா?" என்றார் ரைட்டர்.

"எங்கீங்க முடியறது? இவள டார்ச்சுப் புடிக்கச் சொன்னா என்ஜினுக்குள்ள கைய உடறா. பொம்பளைக்கு இதுல என்ன தெரியும்? அரை நாளா இவளோடயே மாரடிக்க வேண்டியதாப் போச்சு."

ரைட்டர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். பயத்தில் சொல்கிறார், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது. இரண்டு வருடமாக நகக்கண்ணில் கிரீஸ் போகாமல், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போனால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாருக்காக?

வாடிக்கைக்காரர் வந்து நின்றால் வண்டியை ஒரு அடி முன்னால் வெளிச்சத்துக்கு விட்டுக் காட்டுவது அவர் வழக்கம். ஷெட் சரிவு என்பதால் தள்ளக்கூட வேண்டாம், கல்லை எடுத்தால் போதும், தானே நகரும். அத்தனை வருடப் பழக்கம் அந்தப் பதற்றத்தில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"உள்ள இருட்டா இருக்குது. வெளிச்சத்துக்கு உட்டுக்கலாம். கல்ல எடு புள்ள."

ஸ்பிரிங் வெளியே இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். வண்டி கியரில் இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டார். விரலில் வால்வைப் பிடித்துக்கொண்டே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. "ஸ்பிரிங்கு வெளிய இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு நேரமும் இருந்தது. டார்ச்சைக் கீழே வைத்தேன், சக்கரத்தைச் சுற்றி வந்தேன், குனிந்தேன், இத்தனைக்கும் நேரம் இருந்தது. ஒன்றும் தெரியாத பொம்பளை சொன்னதைச் செய்கிறாள், அனுபவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கல்லை எடுத்தேன்.

ஜீப் ஒரு சாண்தான் நகர்ந்தது. முன்னால் கிடந்த கட்டையில் முட்டி நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அவர் "ஐயோ" என்றார், அவ்வளவுதான். நான் எழுந்து பார்க்கும்போது வால்வுத் தண்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அவருடைய இரண்டு விரலும் ஒன்றையும் பிடிக்காமல் அந்த ஓட்டைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும். கோபம் இல்லை. பிறகு ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"கை நழுவிருச்சுங்க. வால்வு உள்ள போயிருச்சு. இனி ஹெட்டக் கழட்டாம முடியாது."

"வண்டி நகந்த மாதிரி..." என்று ரைட்டர் ஆரம்பித்தார்.

"அதனால இல்லீங்க. கை." இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். துணி இல்லாத கை. "பாருங்க. நெண்டு வருசமா இப்படித்தான் ஆடுது. நொம்ப நாளா உங்ககிட்டெல்லாம் மறச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

எதை மறைக்க இரண்டு வருடம் பாடுபட்டோமோ, அதை என்மேல் பழி வராமல் இருக்க அவரே எடுத்துப் போட்டுவிட்டார். நான் கல்லோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ரைட்டருக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறு நல்ல காரணம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாயங்காலம் டிராக்டரில் கயிறு கட்டி ஜீப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஷெட் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வாரம் ஒன்று, இரண்டு என்று போனது. பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டி, "அண்ணனுக்கு ஒடம்பு எப்படிங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது. இவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். ஊட்டினால் சாப்பிட்டார், ஊட்டாவிட்டால் கேட்கவில்லை. ஷெட் திறந்திருந்தவரைக்கும் தன் கையாலேயே சாப்பிட்டவர் அவர், சோறு சிந்தினாலும் தன் கையால்தான். மாத்திரையைக்கூட இப்போது நான் நாக்கில் வைக்க வேண்டியிருந்தது.

கல்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்காத மனிதரிடம் எப்படித் தொடங்குவது? காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன், காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். கோழை. மற்றவர்களை வாய்க்கு வந்தபடி பேசுகிற எனக்கு அந்த ஒரு விஷயத்தில் வாய் வரவில்லை.

பழம் எடுத்து முடிந்த பிறகு ஒருநாள் ரைட்டர் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"அக்கா, எஸ்டேட்டுல இன்னொரு ஜீப்பு இருக்குது. அதே ஸ்பிரிங்கு வேலைதான். நீங்க பாத்துக் குடுங்க. அண்ணன் பக்கத்துல ஒக்காந்து சொன்னாப் போதும்."

"எனக்கென்னங்க தெரியும்?" என்றேன், பழக்கத்தில்.

அவர் தலை குனிந்துகொண்டார். "கை உங்குளுதுன்னு எங்க எல்லாத்துக்கும் ஒரு வருசமாத் தெரியுமுங்க. மேல் வளைவுல நின்னா ஷெட்டு நல்லாத் தெரியும். அண்ணனுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் நாலு மணின்னா நாலரைக்கு வருவோம். அன்னிக்கு மேனேஜர் அவசரப்படுத்துனாரு, நாந்தான் முன்னாடியே வந்து கெடுத்துட்டேன்."

அவர் கெடுத்தாராம். யாரிடமிருந்து மறைத்தோமோ அவர்களும் எங்களோடு சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி ரைட்டரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துவிட்டது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ரைட்டர் வந்ததைச் சொன்னேன், ஜீப்பைச் சொன்னேன். "எந்திரிங்க, ஷெட்டத் தொறக்கலாம்" என்றேன்.

"எதுக்கு? இன்னொரு வால்வ உள்ள தள்றதுக்கா?"

"அது உங்க கையால போகலீங்க. நாங் கல்ல எடுத்ததாலதான் போச்சு."

"எடுக்கச் சொன்னது நாந்தானே." சுவரைப் பார்த்தபடியே பேசினார். "வண்டி நகந்தா நகரட்டும். தண்டு என்ற விரலுக்கு நடுவுலதான இருந்துச்சு? பழைய கையா இருந்தாப் புடிச்சிருப்பேன். அதக்கூடப் புடிக்க முடியல."

இதைத்தான் இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்பிரிங் இல்லாமல் சட்டென்று இறங்குகிற, எண்ணெய் வழுக்கும் வால்வை இரண்டு விரலால் பிடித்து நிறுத்த எந்தக் கையாலும் முடியாது என்பது, எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்த மனிதருக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, இங்க பாருங்க. நீங்க மறந்துட்டீங்க, நான் மறக்கல. ஸ்பிரிங்கு வெளிய இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். ரைட்டர் முன்னால என்னைய அப்படிச் சொன்னீங்கன்னு ஆத்திரம். உழுகட்டும்னுதான் எடுத்தேன்."

சொல்லிவிட்டேன். திட்டுவார், கையை ஓங்குவார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் மெல்லத் திரும்பிப் படுத்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் என் முகத்தைப் பார்த்தார். ஆடுகிற கையை நீட்டி, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நெண்டு வருசமா எனக்காக ஊருக்கெல்லாம் பொய் சொன்ன. பத்தாதுன்னு இப்ப எங்கிட்டயே சொல்ற. வேண்டாம் புள்ள. நீ அப்படிச் செய்யறவ இல்ல."

நிஜம் என்றேன். கல்லை எடுக்கும்போது மனசில் என்ன சொல்லிக்கொண்டேன் என்பதைக்கூட வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் "செரி, செரி" என்று தலையாட்டினார். அழாதே என்றார். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.